லைன் கிளியர்

கரண்ட் நிறுத்தியாச்சு என்று போனில் வந்த பிறகுதான்
மரத்தில் கை வைக்கவேண்டும்.
எர்ணாவூரில் அன்று என் பங்குக்கு விழுந்தது
ஆரிஃப் பஞ்சர் கடைமேல் கவிந்த புங்கை.
கத்திரி தொடங்கி மூன்றாம் நாள்.

கீழ்க்கிளையில் இலைகள் அகலம், கறுத்த பச்சை.
ஒன்றை ஒன்று மறைக்காமல் மட்டமாய்ப் பரந்திருக்கின்றன
ரேஷன் கடை வாசலில் இடம்போட்ட பைகளைப்போல.
அடியில் விரல் வைத்தால் விரலின் நிழல் மேலே தெரியும்.
அவற்றுக்கு வருவது சில்லறை வெயில்:
மேலே ஒரு கிளை அசைந்தால் ஒரு காசு,
கன்டெய்னர் லாரி காற்றைத் தள்ளிக்கொண்டு போனால்
இன்னொரு காசு.
விழுந்த நொடியில் செலவழித்துவிட வேண்டும்.
நகர்ந்துவிடும்.

ஏற ஏற இலை சுருங்குகிறது, தடிக்கிறது.
உச்சியில் இருப்பதை மடித்தால் முறுக்குபோல ஒடிகிறது.
நடுப்பகலில் அவை வெயிலுக்கு முகம் காட்டுவதில்லை,
விளிம்பைத்தான் காட்டுகின்றன.
அங்கிருந்து பார்த்தால் புகைக்கூண்டுகள்,
துறைமுகம்வரை நகராத லாரி வரிசை,
அதற்கப்பால் தகரத்தை விரித்தாற்போல் கடல்.
இலைமேல் சாம்பல். ஊதினேன், போகவில்லை.

ஒரே வேர்தான்.
ஒரே தண்ணீர், அதுவும் பாதி உப்பு.

மேலே பத்து, கீழே பத்து பறித்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
சாயங்காலம் மனோரஞ்சிதத்தின் தோட்டை மீட்கப் போன இடத்தில்
அந்தத் தராசைக் கொஞ்சம் தள்ளுங்க என்றேன்.
"இது எத்தனை கேரட்டு?" என்றார் அடகுக்கடைக்காரர்.
மேலிலை பத்து, ஆறு கிராம் நானூறு மில்லி.
கீழிலை பத்து, பரப்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு,
ஆறு கிராம் நூறு.
வெயில் உள்ளவன் வீட்டில் மாடிமேல் மாடி.
இல்லாதவன்
கிடைத்ததை எல்லாம் பாயாக விரித்துவிட்டான்.

சொல்ல வந்தது எடையைப் பற்றி அல்ல.

கம்பிக்கு ஆறடி தள்ளி என்பது உத்தரவு.
உச்சியை எடுத்தேன். பிறகு தெற்குப்பக்கம்.
கீழேயிருந்து ஆரிஃப்,
"யோவ் போதும்யா, மொட்ட அடிக்காத."
"கம்பி தெரியணும்ணே."
தெரிந்தது. அவர் கல்லாப்பெட்டி, காற்றடிக்கிற மெஷின்,
தண்ணீர்த்தொட்டியில் மிதந்த பீடித்துண்டு
எல்லாமே தெரிந்தது.

பதினோராம் நாள் அதே ரோட்டில் ஒரு பியூஸ் வேலை.
கீழிலைகள் நடுவில் வெளுத்து, ஓரம் பழுத்து,
அப்பளம் சுட்ட நிறத்தில் நின்றன.
இத்தனை காலம் காசு காசாய்ச் சேர்த்தது இதைத்தானே,
மொத்தமாய்க் கொடுத்தேனே என்று நினைத்தேன்.
விரிந்து முடிந்த இலையில் இனி அடுக்கு ஏறாது.
மொட்டுக்குள் மடிந்து கிடக்கும்போதே,
மூத்த இலைகள் பார்த்த வெளிச்சத்தை வைத்துக்
கணக்கு முடிந்துவிடுகிறது.

ஆரிஃப் திட்டவில்லை. ஸ்டூலை மட்டும்
சுவரோரம் நகர்த்தியிருந்தார்.
எங்கிருந்தோ கொண்டுவந்த
கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் ஒன்றைக்
கிளைக்கும் ஷட்டருக்கும் இழுத்துக் கட்டியிருந்தார்.
இறந்தவர் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.
டியூபின்மேல் அவர் சட்டையின் நீலம் விழுந்தது.

ஆடியில் போனேன்.
வெட்டிய முண்டுகளில் புதுத்தளிர், செம்பு நிறம்.
முதிர்ந்தவை சின்னதாய், தடித்து,
பிறந்ததிலிருந்தே உச்சியில் இருப்பவைபோல.
வந்த வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றேன்.
பிளெக்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரே ஒரு குச்சியில் மட்டும்
அகலமாய், மெல்லிசாய், கறுத்த பச்சையில்
ஏழு இலை.
எட்டாவது இன்னும் பிரியவில்லை.

"மேலதான் தழைஞ்சிடுச்சே,
இத அவுத்துடவா?" என்றார் ஆரிஃப்,
முடிச்சில் கை வைத்தபடி.

கொஞ்ச நாள் இருக்கட்டும்ணே என்றேன்.